இவர் கியோத்தோவுக்கு வந்த பன்னிரண்டு நாள்

கட்டிய புருஷனை எதற்காக வரவழைக்கிறேன் என்று ஒரு முழுத்தாளில் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஜப்பானில் இருக்கிற ஒருவர் ஊரிலிருந்து சொந்தக்காரரைக் கூப்பிட்டால், குறுகிய கால விசாவுக்கு அழைப்புக் காரணக் கடிதம், உறவுமுறைக்குச் சான்று, அப்புறம் தங்கும் நாட்களின் அட்டவணை எல்லாம் வேண்டும். காரணம் என்ற இடத்தில் 'பார்த்துப் பதினோரு மாதம் ஆகிறது' என்றுதான் முதலில் எழுதினேன். எங்கள் ஆய்வகத்துச் செயலர் அம்மா படித்துப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திச் சிரித்து, பென்சிலால் மெல்ல ஒரு கோடு போட்டு, 'கியோத்தோவைச் சுற்றிக் காட்டுவதற்காக' என்று மாற்றிக் கொடுத்தார். அதுதான் முறையாம்.

அட்டவணையை நான் ரசித்துத்தான் நிரப்பினேன். ஜனவரி 30 வருகை. 31 ஃபுஷிமி இனாரி. பிப்ரவரி 1 கின்காகுஜி. 2 நாரா. இப்படியே 10-ஆம் தேதி புறப்பாடு வரைக்கும் கட்டம் கட்டமாக. பள்ளிக்கூட டைம்டேபிள்கூட அவ்வளவு சுத்தமாக இருக்காது. ஒரு பிரதியை இவருக்கும் அனுப்பினேன். "எல்லாம் சரி, அந்த மணிச் சத்தம் எந்தத் தேதியில வருது?" என்று கேட்டார்.

மணிச் சத்தத்தைச் சொல்ல வேண்டும். நான் இருப்பது கியோத்தோவின் வடகிழக்கு மூலையில், இச்சிஜோஜி. ராமென் நூடுல்ஸ் கடைகளுக்குப் பேர்போன இடம். ராத்திரி ஒன்பதரைக்கு ஆய்வகத்திலிருந்து வீட்டுக்குக் கிளம்பும்போது ஊரில் மணி ஆறு; இவர் ஆபீஸ் முடிந்து வந்து காபி குடிக்கிற நேரம். சைக்கிள் ஓட்டிக்கொண்டே போன் பேசினால் இங்கே குற்றம், 2024 நவம்பரிலிருந்து தண்டனையும் கூடிவிட்டது. அதனால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே பேசுவேன். வீட்டுக்கு முந்தின தெருவில் எய்சான் ரயிலின் லெவல் கிராசிங். அங்கே வரும்போதெல்லாம் 'கான் கான் கான்' என்று மணி அடிக்கும், தடுப்புக் கம்பு இறங்கும், பேச்சு நிற்கும். "கோயில் பக்கத்துலதான் வீடு போல, தெனமும் பூஜை நடக்கு" என்று அத்தை ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்களாம். யாரும் திருத்தவில்லை.

கான்சாய் விமான நிலையத்தில் இவர் வெளியே வந்தபோது குரங்குக் குல்லாவும், ஒரு கையில் பெட்டியும், இன்னொரு கையில் சணல் கயிறு கட்டிய அட்டைப்பெட்டியும். அட்டைப்பெட்டி கனமாக இருந்தது. அல்வா என்று நினைத்தேன். அல்வா பெட்டிக்குள் இருந்தது, இது டிரான்ஸ்ஃபார்மர். நான் எப்போதோ "இங்க தேங்காய் அரைக்க வழியில்ல" என்று புலம்பியதை வைத்து மிக்ஸி கொண்டு வந்திருக்கிறார். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நம் மிக்ஸிக்கு 230 வேண்டும். இவர் ஈபியில் இன்ஜினியர். பாளையங்கோட்டையில் காயில் சுற்றுகிற கடையில் உட்கார்ந்து, தானே கணக்குப் போட்டு, 100-ஐ 230 ஆக்குகிற டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைச் சுற்ற வைத்து, மூன்று விமான நிலையங்களின் ஸ்கேன் மிஷின்களில் அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டு வந்து சேர்ந்திருந்தார். பதினோரு மாதம் கழித்துப் பார்க்கிற பெண்டாட்டியிடம் சொன்ன முதல் வார்த்தை, "பாத்துப் பிடி, கவுத்திராத."

அன்று ராத்திரியே சட்னி. என் வீடு ஆறு பாய் விரிக்கிற அளவுள்ள ஒற்றை அறை. கியோத்தோவின் குளிர் தரையிலிருந்து கிளம்பி மேலே ஏறும்; இங்கே அதற்குத் தனியாக ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள், சோகோபிஏ, அடிக்குளிர். அதனால் அடியில் ஹீட்டரும் மேலே மெத்தையும் போட்ட கோத்தாட்சு மேஜையை முழு வேகத்தில் வைத்திருந்தேன். கெட்டிலில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. இவர் மிக்ஸியைத் திருகினார். தேங்காய் ஒரு சுற்று சுற்றியது, வீடு இருண்டது.

ஊரில் கரண்டு போனால் முகம் சுருங்குகிற ஆள் இவர். அடுத்த நிமிஷம் நாற்பது போன் வரும். இங்கே இருட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. "யாருமே எனக்குப் போன் பண்ண மாட்டாங்கல்ல?" என்றார். செல்போன் வெளிச்சத்தில் வாசல் கதவுக்கு மேலே இருந்த பிரேக்கர் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு சுவிட்சாகத் தடவிப் பார்த்து, "கோத்தாட்சு அஞ்சு, கெட்டில் பன்னெண்டு, மிக்ஸி ஆறு, இருபத்து மூணு ஆம்பியர், இருபதுல ட்ரிப். சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு" என்று பாராட்டினார். பக்கத்து வீட்டுப் பையனை முதுகில் தட்டுகிற மாதிரி இருந்தது. அதற்கப்புறம் பன்னிரண்டு நாளும் சட்னி அரைக்கும் நேரத்தில் கோத்தாட்சு அணைந்திருக்கும், நான் நடுங்கிக்கொண்டிருப்பேன்.

அட்டவணைப்படி மறுநாள் ஃபுஷிமி இனாரி. கூட்டம் வருமுன் போய்விட வேண்டும் என்று இருட்டோடு கிளம்பினோம். அந்தக் கோயிலுக்கு நடை சாத்துவது கிடையாது. மலையேறும் பாதை முழுக்கச் சிவப்புத் தோரண வாயில்கள், பத்தாயிரம் என்பார்கள். எல்லோரும் படமெடுப்பது ஏறும் பக்கத்தில் நின்றுதான். இறங்கும்போது இவர் கவனித்தார், ஒவ்வொரு தூணின் பின்பக்கத்திலும் கறுப்பில் எழுத்து. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். காணிக்கை கொடுத்தவர் பேர், கம்பெனி, தேதி. இத்தனை தடவை வந்திருக்கிறேன், நான் அதை அழகுக்கு எழுதியது போலவே கடந்து போயிருக்கிறேன். "ஏட்டி, இது உபயம்லா!" என்று மலையே எதிரொலிக்கச் சொன்னார். "நம்மாளு டியூப்லைட்டு மேல வெளிச்சத்த மறைச்சு எழுதுவான். இவன் நாகரிகமா முதுகுப் பக்கம் எழுதிருக்கான்." அன்று சனிக்கிழமை. இவர் சனிக்கிழமை சைவம். ஜப்பானில் சைவத்துக்குக் குறுக்கே நிற்பது கறியோ மீனோ இல்லை, கட்சுவோபுஷி. உலர்த்திச் சீவிய சூரைமீன். அதைப் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர்தான் சூப்பில், சாஸில், தோஃபு வேகவைத்த சாற்றில் எல்லாம். நான் ஒவ்வொரு பொட்டலமாகத் திருப்பி எழுத்துக்கூட்டிப் படித்து, கடைசியில் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன புளியோதரையையே ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம். தொட்டுக்கொள்ள உமேபோஷி, உப்பில் ஊறிய ஒரு பழம். ஒன்றை வாயில் போட்டு ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, "நார்த்தங்காய்க்குத் தங்கச்சி" என்றார்.

கின்காகுஜியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. குளக்கரையில் பொன் தகடு போர்த்திய கட்டடம், அழகுதான். 1950-ல் ஓர் இளந்துறவி தீ வைத்து எரிந்துபோனது, இப்போது நிற்பது 1955-ல் எழுப்பியது என்று சொன்னேன். "எங்க தாத்தா வீடு இதைவிடப் பழசு" என்றார். கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டோம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் அது நடந்தது. அத்தை போன் பண்ணினார்கள். இவர் ஸ்பீக்கரில் போட்டு, "யம்மா, தங்கக் கோயில் பாத்தாச்சு, முழுக்கத் தங்கம்!" என்று ஆரம்பித்தார். ஊரில் பேசுகிற அதே குரல்தான், ஒரு இழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எனக்கு முதுகில் ஊசி குத்தியது போல ஆனது. "மெதுவாப் பேசுங்க. வைங்க மொதல்ல. எல்லாரும் பாக்காங்க" என்றேன். யாரும் பார்க்கவில்லை. அவரவர் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் நான் சொன்ன விதத்தில் இவர் சட்டென்று போனை அணைத்துவிட்டார். "நீ சாப்ட்டியாப்பா" என்று கேட்டுக்கொண்டிருந்த அத்தையின் குரல் 'சாப்' என்பதோடு அறுந்தது.

வீட்டுக்கு வரும்வரை பேசவில்லை. கோத்தாட்சுவில் காலை நுழைத்துக்கொண்ட பிறகு, கோபமே இல்லாமல் சொன்னார்: "நான் எங்கம்மாகிட்டப் பேசுனது பஸ்ஸுல யாருக்கும் உறைக்கல. உனக்குத்தான் உறைச்சுது."

நான் வந்த புதிதில், இதே மாதிரி ஒரு பஸ்ஸில், இவரோடு பேசிக்கொண்டிருந்தபோது முன் சீட்டுத் தாத்தா ஒருவர் திரும்பி விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். அன்று வீட்டுக்குப் போய் அழுதேன். இவரிடம் சொல்லவில்லை. அந்த விரல் இப்போது எனக்கு முளைத்திருக்கிறது என்று தோன்றியது. அதையும் அன்று சொல்லவில்லை. சாரி என்று மட்டும் சொன்னேன். "சரி, விடு. நாளைக்கு நாரா வேண்டாம். நீ லேபுக்குப் போ. நான் சும்மா இங்கனக்குள்ள சுத்திட்டு வாரேன்" என்றார்.

மறுநாள் சாயங்காலம் நான் வந்தபோது இவர் போனில் 60 படங்கள். கோயில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் கரண்டுக் கம்பம். கம்பத்தின் உச்சியில் தொங்குகிற வாளி போன்ற டிரான்ஸ்ஃபார்மர், கம்பி பிரிகிற மூட்டு, கிளாம்பு. ஜப்பான் என்றால் எல்லாக் கம்பியும் மண்ணுக்குள் போயிருக்கும் என்று நினைத்து வந்திருக்கிறார். இங்கே தலைக்கு மேல் சிலந்தி வலை. "நம்ம ஊரு மாதிரியேதான் இருக்கு. ஆனா ஒரு கம்பி தொங்கல" என்றார். கெட்டிலின் அடியைத் திருப்பி 50/60 ஹெர்ட்ஸ் என்ற எழுத்தைக் காட்டி விளக்கவும் செய்தார். 1890-களில் டோக்கியோ ஜெர்மனியிலிருந்து ஜெனரேட்டர் வாங்கியது, ஒசாக்கா அமெரிக்காவிலிருந்து வாங்கியது. அதனால் இன்றைக்கும் கிழக்குப் பாதி 50, மேற்குப் பாதி 60, நாடு நடுவில் பிளந்து கிடக்கிறது. 2011 நிலநடுக்கத்தில் கிழக்கே மின்சாரம் இல்லாமல் தவித்தபோது, ஒன்றை மற்றொன்றாக மாற்றிக் கொடுக்கும் நிலையங்களின் கொள்ளளவு போதாமல், மேற்கிலிருந்து வேண்டிய அளவு அனுப்ப முடியவில்லை. இரண்டு வருஷமாக இந்தக் கெட்டிலில்தான் தண்ணீர் கொதிக்க வைக்கிறேன்.

"சரி, இந்த ஊருக்கு மொதமொதல்ல கரண்டு எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தேடினேன். என் வீட்டிலிருந்து சில கிலோமீட்டரில் இருந்தது அது.

பிப்ரவரி 3, அட்டவணையில் அராஷியாமா. நாங்கள் போனது கெஆகே. 1869-ல் தலைநகரம் டோக்கியோவுக்குப் போனபின் கியோத்தோ வாடிப்போனது. ஊரை நிமிர்த்த, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பிவா ஏரியின் தண்ணீரைக் குடைந்து கொண்டு வருவோம் என்று ஆளுநர் கிட்டாகாகி முடிவெடுத்தார். அந்தப் பொறுப்பை அவர் கொடுத்தது அப்போதுதான் கல்லூரி முடித்திருந்த தானாபே சாகுரோ என்ற இளைஞரிடம். வேலை 1885-ல் தொடங்கி 1890-ல் முடிந்தது. முதலில் திட்டம் நீர்ச்சக்கரங்களுக்குத்தான். பாதியில் தானாபே அமெரிக்கா போய், கொலராடோவில் ஆஸ்பென் என்ற இடத்தில் தண்ணீரில் மின்சாரம் எடுப்பதைப் பார்த்துவிட்டு வந்து திட்டத்தையே மாற்றினார். 1891-ல் கெஆகே மின் நிலையம் ஓடத் தொடங்கியது, ஜப்பானின் முதல் வணிக நீர்மின் நிலையம். அந்த மின்சாரத்தில்தான் 1895-ல் நாட்டின் முதல் மின்சார டிராம் இந்த ஊரில் ஓடியது.

"1891-ஆ?" என்று இவர் மூன்று தடவை கேட்டார். "நம்ம டார்ஜிலிங் 97. சிவசமுத்திரம் 1902. பைக்காரா 32." குலதெய்வங்களின் பேர் சொல்வது போலச் சொன்னார். 1912-ல் கட்டிய செங்கல் கட்டடம் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. அதற்குப் பிறகு வந்த மூன்றாவது நிலையம் இன்னும் ஓடுகிறது. வேலியைப் பிடித்துக்கொண்டு, தடித்த குழாய்கள் மலைச்சரிவில் இறங்குவதைப் பார்த்தபடியே நின்றார். உள்ளே விடமாட்டார்களா என்று என்னைக் கேட்கச் சொன்னார். கேட்க அங்கே யாரும் இல்லை. பக்கத்தில் இன்கிளைன் என்ற சரிவுப் பாதை. படகுகளைத் தண்டவாள வண்டியில் ஏற்றி 582 மீட்டர் இழுத்திருக்கிறார்கள், 1948 வரை. வசந்தத்தில் செர்ரிப் பூவுக்கு இங்கே கால் வைக்க இடம் இருக்காது. பிப்ரவரியில் நாங்களும் ஒரு பூனையும். அதன் அடியில் போகும் சின்னச் செங்கல் சுரங்கத்தில் கற்களைத் திருகு சுற்றியது போலச் சாய்த்து அடுக்கியிருக்கிறார்கள், மேலே உள்ள பாரத்தைத் தாங்க. இவர் அதைக் கையால் தடவிக்கொண்டே அந்தப் பக்கம் போய், திரும்பி, மறுபடி தடவிக்கொண்டே வந்தார்.

மேலே பூங்காவில் தானாபேயின் சிலை. அதன் பக்கத்தில் ஒரு கல். எட்டே எழுத்து, முட்டி மோதிப் படித்தேன். ஒருவர் உடல் இந்த வேலைக்குப் போனது, பத்தாயிரம் வீடுகள் அதனால் நனைகின்றன என்கிற மாதிரிப் பொருள். கால்வாய் வேலையில் இறந்துபோன 17 பேருக்காகத் தானாபே தன் சொந்தக் காசில் வைத்த கல்.

இவர் குல்லாவைக் கழற்றினார். கொஞ்ச நேரம் கழித்து, நான் கேட்காமலே சொன்னார். போன ஐப்பசியில், மழை விட்ட மறுநாள், இவருக்குக் கீழே வேலை பார்த்த லைன்மேன் ஒருவர். லைனை ஆஃப் பண்ணிவிட்டுத்தான் ஏறியிருக்கிறார். எங்கோ ஒரு ஜெனரேட்டரிலிருந்து லைனில் கரண்டு ரிட்டர்ன் வந்துவிட்டது. "நாந்தான் அன்னைக்குப் பெர்மிட் குடுத்தேன்" என்றார். அந்த வாரம் முழுக்க இவரோடு தினமும் பேசியிருக்கிறேன். வேலை ஜாஸ்தி என்றார், தொண்டை கட்டியிருக்கிறது என்றார். நடுவில் கிராசிங் மணி அடித்திருக்கும். "போன்ல எப்படிச் சொல்ல" என்றார் இப்போது. நான் பஸ் தாத்தாவைச் சொன்னேன். அதற்கு ஒன்றும் சொல்லாமல் என் கையுறையைச் சரி செய்துவிட்டார். கீழே கால்வாய்த் தண்ணீர் சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று ராத்திரி செட்சுபுன், வசந்தம் பிறப்பதற்கு முந்தின நாள் திருவிழா. யோஷிதா கோயில் எங்கள் பல்கலைக்கழகத்தை ஒட்டி இருக்கிறது. அந்த மூன்று நாளும் வாசலிலிருந்து மேடு வரை கடைகள், நம் தைப்பூசத் திருவிழாக் கடைத்தெரு போல. வறுத்த சோயாப் பயறை வீசி, 'ஒனி வா சோதோ, ஃபுகு வா உச்சி' என்பார்கள். பேய் வெளியே, பாக்கியம் உள்ளே. "மூதேவி வெளியே, சீதேவி உள்ளே" என்று இவர் உடனே மொழிபெயர்த்தார். வீட்டில் பழசாகிப்போன தாயத்துகளைக் கொண்டுவந்து ஒரு பெரிய குவியலில் போட்டார்கள். போகி என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வயதுக்கு ஒரு பயறு எண்ணித் தின்ன வேண்டும். அந்தக் கணக்கில் நான் 34, இவர் 38. இருட்டில் எண்ணிக்கை தப்பி, இவர் இன்னும் நாலு தின்று நாற்பத்திரண்டு வயதாகிவிட்டார்.

அப்புறம் வந்த நாட்களில் அட்டவணை எங்கே கிடந்தது என்றே ஞாபகமில்லை. ஒருநாள் சஞ்சூசங்கென்டோ போனோம். கன்னோன் என்ற கருணைத் தெய்வத்தின் ஆயிரத்தொரு சிலைகள் வரிசையாக நிற்கிற, 120 மீட்டர் நீளக் கூடம். அவற்றுக்குக் காவலாக முன்வரிசையில் 28 தேவர்கள். பாதிப் பேர் நம் ஆட்கள். கையில் புல்லாங்குழலும் முகத்தில் அலகுமாக நிற்கிற ஒருவர் முன்னால் இவர் நின்றுவிட்டார். பேர்ப்பலகையைப் படித்தேன்: கருரா. "கருடனா? இவன் எப்ப கிருஷ்ணன்ட்ட குழலைப் பிடுங்குனான்?" என்றார், இந்தத் தடவை மெதுவாகத்தான். நான் சிரித்தது அந்தக் கூடம் முழுக்கக் கேட்டது.

வீட்டுக்காரம்மா, கீழ்வீட்டில் இருக்கும் எழுபது வயதுக்காரர், இவரைப் பார்க்கும்போதெல்லாம் 'கோஷுஜின்' என்று குனிந்து கும்பிடுவார். என்ன அர்த்தம் என்றார் இவர். எஜமானர் என்றுதான் எழுத்துக்கு எழுத்து அர்த்தம்; புருஷனை அப்படித்தான் இங்கே சொல்கிறார்கள். நான் பேசும்போது வேறு சொல் வைத்திருக்கிறேன். மனைவிக்கு 'ஒகுசான்', உள்வீட்டுக்காரி. "அப்படியே நம்ம வீட்டுக்காரர், இல்லாள் கணக்குத்தான்" என்று குஷியாகிவிட்டார். அன்று மஞ்சள் குப்பைப் பையைக் கீழே கொண்டு வைத்தவர் எஜமானர்தான். ஞெகிழியைத் தனியாகப் பிரிக்காமல் வைத்து, நான் போய்த் திரும்ப எடுத்து வந்தேன்.

கடைசி மூன்று நாள் நான் ஆய்வகத்திலிருந்து தப்பிக்க முடியவில்லை. ஒன்பதரைக்கு வரும்போது இவர் கிராசிங்கில் நிற்பார், குரங்குக் குல்லாவோடு. முதல் நாள் எனக்காக என்று நினைத்தேன். ஒரு மணி நேரமாக நிற்கிறாராம். மணி அடித்து எத்தனை விநாடியில் கம்பு இறங்குகிறது, எத்தனையில் வண்டி வருகிறது, எல்லாம் எண்ணி வைத்திருந்தார். "ஒத்தப் பெட்டி வந்தா யாசே போறது. ரெண்டு பெட்டின்னா குராமா. குராமா வண்டிக்குச் சத்தம் கொஞ்சம் கனமா இருக்கு, கேட்டுப் பாரு." கேட்டுப் பார்த்தேன். இருந்தது.

10-ஆம் தேதி விமான நிலையம் போகும் ஹருகா ரயிலில் ஏற்றிவிட்டேன். டிரான்ஸ்ஃபார்மர் என்னிடம் இருக்கிறது. அதன் மேல் பேனாவால் 'கோத்தாட்சுவை அணை' என்று எழுதி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். இரண்டு நாள் கழித்து, ஒன்பதரைக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன். அத்தை ரசம் வைத்ததைப் போனில் இவர் சொல்லிக்கொண்டிருந்தார். கிராசிங்கில் மணி அடித்தது. வழக்கம்போலப் பேச்சை நிறுத்தினேன். வண்டி கடந்து போனது. கம்பு ஏறியது.

"ரெண்டு பெட்டி" என்றார், திருநெல்வேலியிலிருந்து.